ரியோ பிராவோ ப்ளூரே: குடிகார நண்பனை முன்வாசல் வழியாக அனுப்பும் படம்

வார்னர் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ‘ரியோ பிராவோ’ ப்ளூரே பற்றி எழுதுகிறேன். இதே படம் 2023-இல் 4கே வட்டாகவும் வந்துவிட்டது. ஆனால் என்னிடம் இருப்பதும், நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பதும் பழைய ப்ளூரேதான். வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆம்பிளைகளுக்கு நடுவே இருக்கிற நட்பைத் திரையில் பார்க்கப் பிடிக்கும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். துப்பாக்கிச் சண்டை மட்டும்தான் வேண்டும் என்றால் இது சரிப்படாது. 141 நிமிடப் படத்தில் சண்டை கொஞ்ச நேரம்தான். மற்ற நேரமெல்லாம் இரண்டு மூன்று பேர் ஒரு ஜெயிலைக் காவல் காத்துக்கொண்டு, காபி குடித்து, ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டு, விடியலுக்குக் காத்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்புதான் எனக்குப் படம்.

நான் மதுரையில் குடிநோய் சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். கௌபாய் கதைகள் எனக்குச் சின்ன வயதிலேயே பழக்கம். அப்பா சிவகாசியிலிருந்து வரும் லயன் காமிக்ஸ், முத்து காமிக்ஸ் இரண்டையும் சேர்த்துவைப்பவர். டெக்ஸ் வில்லர் கதைகளில் டெக்ஸ் சுடுவதைவிட, வெள்ளைத்தாடி கிட் கார்சன் பக்கத்தில் நின்று புலம்புவதுதான் எனக்குப் பிடிக்கும். சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை, வயசாகிவிட்டது என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்து, ஆபத்து என்றால் முதலில் குதிரையைத் திருப்புவது அந்தக் கிழவர்தான். டெக்ஸை ரசிக்கிற தமிழ் வாசகர்களுக்கு ‘ரியோ பிராவோ’ அந்நியமாகவே இருக்காது. இங்கேயும் ஒரு புலம்பும் கிழவர் இருக்கிறார். அவரைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

ஹாவர்ட் ஹாக்ஸ் இயக்கி 1959-இல் வந்த படம். அரிசோனாவில் ஓல்ட் டூசான் என்ற இடத்தில் போட்டிருந்த தெரு செட்டில் எடுத்தது. கதை சுருக்கமானது. டெக்சாஸ் எல்லைப் பக்கம் ஒரு சின்ன ஊர். ஜோ பர்டெட் என்பவன் மதுக்கடையில் ஆயுதமில்லாத ஒருவனைச் சுட்டுக் கொன்றுவிடுகிறான். ஷெரிஃப் ஜான் டி. சான்ஸ் அவனைப் பிடித்து ஜெயிலில் போடுகிறார். ஜோவின் அண்ணன் நேதன் பர்டெட் பெரிய பண்ணைக்காரன், கூலிக்கு ஆள் வைத்திருப்பவன். மத்திய அரசின் காவல் அதிகாரியான மார்ஷல் வந்து கைதியைக் கூட்டிப்போகும் வரை ஜெயிலைக் காக்க வேண்டும். சான்ஸுக்குத் துணை இரண்டே பேர். முன்பு ஷெரிஃபின் உதவியாளராக (டெபுடி) இருந்து, இரண்டு வருடமாகக் குடியில் விழுந்து கிடந்த டூட் ஒருவர். கால் ஊனமான கிழவர் ஸ்டம்பி இன்னொருவர். சான்ஸாக ஜான் வெய்ன், டூடாக டீன் மார்ட்டின், ஸ்டம்பியாக வால்ட்டர் பிரென்னன். பிரென்னன் அதற்கு முன்பே மூன்று ஆஸ்கர் வாங்கியவர்.

முதல் காட்சியில் கிட்டத்தட்ட நாலு நிமிடம் ஒரு வார்த்தை கிடையாது. அழுக்குச் சட்டையும் தாடியுமாக டூட் மதுக்கடைக்குள் பின்பக்கமாக நுழைகிறார். நாக்கு வறண்டிருப்பது முகத்திலேயே தெரிகிறது. கையில் காசில்லை. ஜோ அவரைப் பார்க்கிறான், சிரிக்கிறான், வேண்டுமா என்று சைகையில் கேட்கிறான். ஒரு வெள்ளி டாலரை எடுத்து எச்சில் படிக்கத்துக்குள் போடுகிறான். டூட் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு மண்டியிட்டுக் கையை நீட்டுகிறார். அப்போது ஒரு பூட்ஸ் கால் வந்து படிக்கத்தை எட்டி உதைக்கிறது. கேமரா தரையிலிருந்து அண்ணாந்து பார்க்கிறது. சான்ஸ் நிற்கிறார். அவர் முகத்தில் கோபம் இருக்கிறது, அருவருப்பு இருக்கிறது, வேறொன்றும் இருக்கிறது. அடுத்த நொடி டூட் ஒரு கட்டையை எடுத்து அவர் தலையிலேயே அடித்துவிடுகிறார்.

இந்த அடியை நான் நம்புகிறேன். குடியில் இருப்பவருக்கு அவமானப்படுத்தியவன்மேல் கோபம் வராது. அந்த அவமானத்தைப் பார்த்துவிட்ட நண்பன்மேல் வரும். வார்டில் தினமும் பார்க்கிறேன். கூட்டி வந்து சேர்த்தவனைத்தான் முதலில் திட்டுவார்கள். படத்தை எழுதிய ஜூல்ஸ் ஃபர்த்மனுக்கும் லீ பிராக்கெட்டுக்கும் இது எப்படித் தெரிந்ததோ. இவர்களில் லீ பிராக்கெட் ஒரு பெண். இத்தனை ஆண்கள் சுற்றி நிற்கும் ஒரு படத்தின் பேச்சில் பாதி ஒரு பெண்ணின் கையிலிருந்து வந்தது என்று தெரிந்தபோது எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது.

அதற்குப் பிறகு நட்பு முழுக்கக் கையில் நடக்கிறது. டூட் குடியை விட முயல்கிறார். சிகரெட் சுருட்ட உட்கார்கிறார், விரல் நடுங்கி, தாள் கசங்கி, புகையிலை மடியில் கொட்டுகிறது. சான்ஸ் ஒன்றும் கேட்பதில்லை. தான் சுருட்டி வைத்திருந்ததை அப்படியே நீட்டுகிறார். டூட் வாங்கிக்கொள்கிறார். நன்றி கிடையாது, முகத்தைப் பார்ப்பதுகூடக் கிடையாது. படம் முழுக்க இது திரும்பத் திரும்ப வருகிறது. எனக்கு சிகரெட் யார் கையில் இருந்தாலும் பிடிக்காது, அது வேறு விஷயம். ஆனால் அந்தக் கை நீளும் வேகத்தைக் கவனியுங்கள். உதவி செய்கிறேன் என்ற பாவனை துளியும் இல்லை. மேஜையில் இருக்கும் உப்பை நகர்த்திக் கொடுப்பது போலக் கொடுக்கிறார்.

டீன் மார்ட்டின் அந்த நடுக்கத்தை நடித்திருப்பதைப் பற்றி என் தொழிலில் இருப்பவள் சொல்லியே ஆக வேண்டும். நாள்பட்டுக் குடித்தவர் நிறுத்தினால், கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாளைக்குள் கை நடுங்கத் தொடங்கும். இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். வியர்க்கும், தூக்கம் வராது, சத்தம் பொறுக்காது. மார்ட்டின் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருக்கிறார், மோவாயைத் தேய்க்கிறார், யாராவது கதவை அறைந்தால் தோள் துள்ளுகிறது. குடிகாரன் என்றாலே தள்ளாடுவதும் உளறுவதும்தான் என்று நினைத்து நடிப்பவர்கள் நிறையப் பேர். இவர் குடியை விட்டவனை நடித்திருக்கிறார். அது அதைவிடக் கஷ்டம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு யாரையும் வீட்டிலேயே திடீரென்று நிறுத்த வைக்காதீர்கள். வலிப்பு வரலாம், புத்தி பேதலிக்கலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவமனைக்குக் கூட்டி வாருங்கள்.

படத்தின் நெஞ்சு என்று நான் நினைக்கும் காட்சி நடுவில் வருகிறது. சான்ஸின் நண்பர் ஒருவரை இருட்டில் ஒளிந்திருந்து ஒருவன் சுட்டுக் கொல்கிறான். டூட் திருப்பிச் சுட்டதில் அவனுக்குக் காயம். அவன் ஓடி பர்டெட் ஆட்கள் உட்கார்ந்திருக்கும் மதுக்கடைக்குள் நுழைந்துவிடுகிறான். வழக்கப்படி ஷெரிஃப் முன்வாசலில் போவார், டூட் பின்பக்கம். இந்தத் தடவை முன்வாசல் வழியாக நான் போகிறேனே என்று டூட் கேட்கிறார். இதே ஆட்கள்தான் அவர் எச்சில் படிக்கத்துக்குக் கை நீட்டியதைப் பார்த்துச் சிரித்தவர்கள். உன்னால் முடியுமா என்று சான்ஸ் கேட்கிறார். தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறார் டூட். சரி என்று சான்ஸ் பின்பக்கம் போய்விடுகிறார்.

அவ்வளவுதான். ‘பார்த்துப் போ’ கிடையாது, தோளில் தட்டுவது கிடையாது. உள்ளே போன டூட் எல்லாரையும் துப்பாக்கிகளைக் கழற்றிப் போடச் சொல்கிறார். ஓடி வந்தவன் காலில் சேறு இருந்திருக்க வேண்டும், ஆனால் அங்கே சேற்றுக் கால் உள்ளவன் யாரும் இல்லை. குடிகாரனுக்குக் கண்ணில் ஏதோ தெரிந்திருக்கிறது என்று சிரிக்கிறார்கள். மறுபடி ஒரு வெள்ளி டாலர் படிக்கத்துக்குள் விழுகிறது. டூட் முகம் செத்துப்போகிறது. தோற்றவர் மாதிரி பார் மேஜைக்கு வருகிறார். அங்கே ஒரு பீர் டம்ளர். அதில் மேலிருந்து ஒரு சொட்டு ரத்தம் விழுகிறது, இன்னொரு சொட்டு. திரும்புகிறார், சுடுகிறார், பரணில் பதுங்கியிருந்தவன் விழுகிறான். சான்ஸ் இவ்வளவு நேரமும் அறைக்குள்ளேயே பின்னால் நிற்கிறார். டூட் அவமானப்படும்போது குறுக்கே பாயவே இல்லை. அங்கே அவர் பாய்ந்திருந்தால் ஆளைக் காப்பாற்றியிருப்பார், டூடை இழந்திருப்பார்.

வார்டில் ஒரு பெயிண்டர் இருந்தார். வண்டிகளுக்கு பெயிண்ட் அடிப்பவர். சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து புத்தி சொல்லிவிட்டுப் போவார்கள், அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் சாயங்காலம் வருவார். குடியைப் பற்றி வாயே திறக்க மாட்டார். ஒரு நாள் பில் புக்கை எடுத்து நீட்டி, “மாப்ள, அந்த டெம்போவுக்கு என்ன ரேட்டு சொல்ல? பார்ட்டி நாளைக்கு வர்றான்” என்றார். படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். “பட்டி பாக்கணுமா? பழைய பெயிண்ட்ட சுரண்டணுமா?” என்று கேட்டார். அன்றைக்குத்தான் அவர் இரவுச் சாப்பாட்டை முழுதாகச் சாப்பிட்டார். ‘ரியோ பிராவோ’வில் நடப்பது இதுதான். சான்ஸ் டூடிடம் வேலையைக் கொடுக்கிறார், அந்த வேலை நிஜமாகவே ஆபத்தானது, அதை டூட் செய்துதான் ஆக வேண்டும்.

மதுக்கடைக் காட்சிக்குப் பிறகு சான்ஸ் டூடின் பழைய துப்பாக்கிகளை எடுத்துத் தருகிறார். குடிக்காக டூட் என்றோ விற்றுவிட்டவை. நான் விற்றுவிட்டேனே என்கிறார் டூட். நீ விற்றாய், நான் வாங்கினேன் என்கிறார் சான்ஸ். டூட் குடித்துக் கிடந்த அந்தக் காலத்தில் சான்ஸ் என்ன செய்துகொண்டிருந்தார் என்ற கேள்விக்கு அந்தத் துப்பாக்கிகள்தான் பதில். படம் அதை இரண்டு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

இந்தப் படம் ஒரு கோபத்தில் பிறந்தது. 1952-இல் வந்த ‘ஹை நூன்’ படத்தில் ஊர் மார்ஷல் ஊரெல்லாம் அலைந்து உதவி கேட்பார், யாரும் வர மாட்டார்கள். ஹாக்ஸுக்கும் வெய்னுக்கும் அது பிடிக்கவே இல்லை. தன் வேலை தெரிந்த ஷெரிஃப் ஊராரிடம் போய்க் கெஞ்ச மாட்டான் என்பது ஹாக்ஸின் கட்சி. ‘ஹை நூன்’ எழுதிய கார்ல் ஃபோர்மன் அமெரிக்காவில் அப்போது நடந்த கம்யூனிஸ்ட் வேட்டையில் கறுப்புப் பட்டியலில் சிக்கியவர் என்பதால் அந்தச் சண்டைக்குள் அரசியலும் உண்டு. அதில் நான் ஃபோர்மன் பக்கம். ஆனால் ஹாக்ஸ் பதிலுக்கு எடுத்த படத்தில் எனக்கு வேண்டியது இருக்கிறது. சான்ஸ் கேட்காமலேயே ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். குடிகாரர், கிழவர், பதின்வயதுப் பையன், ஹோட்டல்காரர், சீட்டாடும் பெண். ஒவ்வொருவரிடமும் வேண்டாம், போ என்கிறார். ஒருவரும் போவதில்லை.

டீன் மார்ட்டின் இந்தப் படத்துக்கு வந்த நேரத்தையும் சொல்ல வேண்டும். ஜெர்ரி லூயிஸுடன் பத்து வருடம் ஜோடியாக மேடையிலும் சினிமாவிலும் கொடிகட்டிப் பறந்தவர். 1956 ஜூலையில் அந்த ஜோடி பிரிந்தது. தனியாக இவரால் என்ன செய்ய முடியும் என்று பலரும் நினைத்துக்கொண்டிருந்த காலம். 1958 கோடையில் இந்தப் படத்தில் நடித்தார். நண்பனைப் பிரிந்த ஒருவர், நண்பனிடம் திரும்பி வரும் ஒருவராக நடிக்கிறார். அது தெரிந்து பார்க்கும்போது அவர் வெய்னை ஓரக்கண்ணால் பார்க்கும் பார்வைகள் எனக்கு இன்னும் கனமாகத் தெரிகின்றன.

கிழவர் ஸ்டம்பிக்கு வருகிறேன். பர்டெட்டிடம் நிலத்தை இழந்தவர். ஜெயிலுக்குள்ளேயே அடைந்து கிடந்து, மடியில் துப்பாக்கியோடு கைதியைப் பார்த்து உறுமிக்கொண்டே இருக்கிறார். யாரும் என்னை மதிப்பதில்லை, நன்றி சொல்வதில்லை என்று ஓயாத புலம்பல். கடைசியில் சான்ஸ் பொறுக்கமாட்டாமல் குனிந்து அவர் மண்டையில் ஒரு முத்தம் வைக்கிறார். ஸ்டம்பி துடைப்பத்தால் அவர் பின்பக்கம் ஒரு போடு போடுகிறார். சிரிப்புக்காக வைத்த காட்சிதான். ஆனாலும் ஜான் வெய்ன் மாதிரி ஒரு மலை இன்னொரு ஆண்மேல் வைத்திருக்கும் பிரியத்தை இவ்வளவு கூச்சமில்லாமல் காட்டியதைப் பார்க்க எனக்கு நிறைவாக இருக்கிறது.

சறுக்கலும் உண்டு. டூட் ஒரு கட்டத்தில் தோற்று, பேட்ஜைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். விஸ்கியை டம்ளரில் ஊற்றியும்விடுகிறார். வெளியே பர்டெட் வாசிக்கச் சொன்ன ‘தெகுவேயோ’ என்ற எக்காள இசை கேட்கிறது. உயிர்ப்பிச்சை கிடையாது என்று அறிவிக்கும் இசை அது. டூட் அதைக் கேட்டுக்கொண்டே விஸ்கியைப் பாட்டிலுக்குள் திரும்ப ஊற்றுகிறார், ஒரு சொட்டுச் சிந்தாமல். அடுத்து வருகிற பாட்டுக் காட்சியில் மார்ட்டின் தொப்பியைக் கண்ணுக்குமேல் இறக்கிவிட்டுப் படுத்தபடியே பாடுகிறார், பையன் ரிக்கி நெல்சன் கிட்டார் வாசித்துக் கூடப் பாடுகிறான், பிரென்னன் மவுத்ஆர்கன். வெய்ன் பாடுவதில்லை, காபிக் கோப்பையோடு நின்று சிரித்துக்கொண்டே பார்க்கிறார். மெட்டு, இசையமைப்பாளர் திமித்ரி தியோம்கின் 1948-இல் ஹாக்ஸின் ‘ரெட் ரிவர்’ படத்துக்குப் போட்டது. புதுச் சொற்களோடு இங்கே வருகிறது. கதையை ஒரு அங்குலம்கூட நகர்த்தாத பாட்டு. இதை வெட்டியிருக்கலாம் என்பவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை.

குறைகளைச் சொல்லாமல் விட முடியாது. ஹோட்டல்காரர் கார்லோஸை மெக்சிகோக்காரர் என்பதற்காகவே கோமாளியாக்கியிருக்கிறார்கள், அது உறுத்துகிறது. ரிக்கி நெல்சன் அப்போது பிரபலமான பாடகர், படப்பிடிப்பின்போதுதான் பதினெட்டு வயது முடிந்தது. அழகாக இருக்கிறார், வசனம் பேசும்போது பாடம் ஒப்பிக்கிறார். சீட்டாடும் பெண்ணாக வரும் ஆஞ்சி டிக்கின்சன் நல்ல துடிப்பு, ஆனால் அவருக்கும் வெய்னுக்குமான காதல் காட்சிகள் ஒன்றிரண்டு நீண்டுவிட்டன.

இனி வட்டைப் பற்றி. படம் தெளிவாக இருக்கிறது. வெய்னின் சிவப்புச் சட்டை, மதுக்கடையின் மரப்பழுப்பு, இரவுத் தெருவில் விளக்கு வெளிச்சம் எல்லாம் நன்றாக வந்திருக்கின்றன. சில இடங்களில் இருட்டு கொஞ்சம் மங்கலாகத் தெரியும். பழைய படம், பொறுத்துக்கொள்ளலாம். ஒலி மோனோதான். சுற்றிலும் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு ஏமாற்றம், எனக்கு இல்லை. இந்தப் படத்துக்குக் கேட்க வேண்டியது பேச்சும் அந்த எக்காளமும்தான். தமிழ் சப்டைட்டில் கிடையாது. ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள், பிரென்னன் வாய்க்குள்ளேயே மெல்லும் வசனங்கள் அப்போதுதான் பிடிபடும்.

கூடவே வரும் சங்கதிகளில் விமர்சகர் ரிச்சர்ட் ஷிக்கலும் இயக்குநர் ஜான் கார்பென்டரும் பேசும் வர்ணனை கேட்க வேண்டியது. கார்பென்டர் இந்தப் படத்தின் பித்தர். முற்றுகையிடப்பட்ட போலீஸ் ஸ்டேஷனை வைத்து 1976-இல் அவர் எடுத்த படத்தில், எடிட்டர் என்று ‘ஜான் டி. சான்ஸ்’ பெயரைப் போட்டுக்கொண்டவர். ஓல்ட் டூசான் பற்றிய குறும்படத்தை ஒரு தடவை பார்த்தால் போதும்.

இதைப் பார்த்து முடித்துப் பிடித்துப்போனவர்கள் அடுத்து ‘எல் டொராடோ’ வாங்கலாமா என்று கேட்பார்கள். 1966-இல் அதே ஹாக்ஸ், அதே வெய்ன், ஏறக்குறைய அதே கதை. இந்த முறை குடிகாரர் ஷெரிஃப்தான், ராபர்ட் மிட்சம். அவரைத் தெளியவைக்கக் கடுகு, வெடிமருந்து என்று கண்டதையும் கலந்து வாயில் ஊற்றுகிறார்கள், அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுகிறார், தியேட்டர் சிரிக்க வேண்டும். மிட்சம் பெரிய நடிகர், வெய்னும் அவரும் சேர்ந்து நிற்பது பார்க்கக் கம்பீரம். ஆனால் அந்தக் கஷாயக் காட்சியில் நான் ரிமோட்டை எடுத்துவிடுவேன். சிகரெட் நீட்டிய கையை எடுத்த அதே இயக்குநர் அதைச் செய்ததில் எனக்கு இன்னும் வருத்தம்தான். பணம் ஒரு வட்டுக்குத்தான் இருக்கிறது என்றால் ‘ரியோ பிராவோ’வையே வாங்குங்கள்.